முட்டி ஸ்லீவ் வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் முட்டிவலிக்காக வேண்டாம்

முதலில் பொருள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஜிம்மில் ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது) போடும்போது முட்டியில் உறை மாதிரி ஏற்றிக்கொள்ளும் 7 மி.மீ. கனமுள்ள நியோபிரீன் (ஒரு வகை ரப்பர்) முட்டி ஸ்லீவ், ஒரு ஜோடி, இந்தியத் தயாரிப்பு, ஆன்லைனில் 2000 ரூபாய்க்குள் கிடைத்தது. பிராண்டு பெயர் சொல்லப்போவதில்லை. இந்த விலையில் வருகிறவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் லோகோவைத் தவிரப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அதனால் ஒன்றைப் பற்றிச் சொல்வது மற்றதுக்கும் பொருந்தும். 5-க்கு 4 கொடுக்கிறேன். அந்த நான்கும் எதற்கு என்பதுதான் விஷயம், ஏனென்றால் விற்பனைப் பக்கத்தில் "மூட்டுப் பாதுகாப்பு", "வலி நிவாரணம்" என்றெல்லாம் கொட்டை எழுத்தில் போட்டுவிடுகிறார்கள், அதை நம்பி யாரோ ஒருவர் மூட்டுத் தேய்மானம் உள்ள அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்து, அவர் காலில் ஏற்றவே முடியாமல் தவித்து, கடைசியில் ஒரு ஸ்டார் விழுகிறது. அம்மா மேலும் தப்பில்லை, ஸ்லீவ் மேலும் தப்பில்லை.

கடையில் "முட்டிக்குப் போடுவது" என்று கேட்டால் நான்கு வேறு வேறு பொருட்களை எடுத்து வைப்பார்கள். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் தோல் நிற நீ கேப் ஒன்று, மெல்லிய எலாஸ்டிக் துணி, நடக்கவும் மாடிப்படி ஏறவும் போடுவது, ஸ்குவாட்டுக்கு அதனால் பெரிய பயன் கிடையாது, இரண்டாவது செட்டிலேயே சுருண்டு கீழே இறங்கிவிடும். அடுத்தது பக்கவாட்டில் கம்பி வைத்த பிரேஸ், அது லிகமென்ட் (எலும்புகளை இணைக்கும் நார்) அடிபட்டவர்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுப்பது, ஜிம்முக்கு என்று நீங்களாக வாங்க வேண்டாம். மூன்றாவது ராப், நீளமான பட்டி, இறுக்கிச் சுற்றிக்கொண்டு இறங்கினால் பட்டி இழுபட்டு மேலே தூக்கிவிடும், நிஜமாகவே கூடுதல் எடை ஏறும். பவர்லிஃப்டிங் (எடை தூக்கும்) போட்டிக்காரர்களின் சாமான் அது. சும்மா கால் பயிற்சி நாளில் அதைச் சுற்றிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, முட்டிச் சில்லை அப்படியே தொடை எலும்போடு வைத்து அழுத்துகிற பொருள் அது. நான்காவதுதான் நம்ம ஸ்லீவ். சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பின் விதிப்படி ராப் இல்லாத கிளாசிக் பிரிவில் ஸ்லீவ் போடலாம், கனம் 7 மி.மீ. தாண்டக்கூடாது, நீளம் 30 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. பல கம்பெனிகள் 7 மி.மீ. என்று போட்டு விற்பதற்குக் காரணம் இந்த விதிதான், மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

சரி, போட்டால் என்ன தெரிகிறது? முதலில் சூடு. நியோபிரீன் ரப்பர்தானே, காற்று போகாது, போட்ட கொஞ்ச நேரத்தில் முட்டி கதகதவென்று ஆகிவிடும். காலையில் ஐந்தரைக்கு ஜிம்முக்குப் போகிற, முப்பத்தைந்தைத் தாண்டிய ஆட்களுக்கு இந்தச் சூடு ஒன்றே காசுக்குப் போதும். செட்டுக்கும் செட்டுக்கும் நடுவில் மூன்று நிமிடம் உட்கார்ந்து எழுந்தாலும் முட்டி விறைப்பதில்லை. இரண்டாவது அழுத்தம். தோல் மேல் எல்லாப் பக்கமும் சமமாக ஒரு பிடி இருப்பதால் முட்டி எங்கே போகிறது என்பது கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறது, உள்ளே சாய்ந்தால் உடனே புரிகிறது. மூன்றாவது, அடியில் உட்காரும்போது பின்பக்கம் ரப்பர் மடிந்து நசுங்குவதால் எழும்போது லேசான ஒரு தள்ளல் கிடைக்கும். ராப் அளவுக்கெல்லாம் இல்லை, மனசுக்குத் தைரியம் தருகிற அளவு. அவ்வளவுதான். மார்கழி விடியலில் மஃப்ளர் கட்டிக்கொண்டு போகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், கட்டினால் சுகம், ஏற்கெனவே பிடித்த ஜலதோஷத்தை அது ஒன்றும் செய்யாது.

செய்யாததைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். எழும்போது முட்டி இரண்டும் உள்பக்கம் சாய்ந்து ஒன்றையொன்று முத்தமிடப் போவதை ஸ்லீவ் தடுக்காது. குதிகால் தரையை விட்டுக் கிளம்புவதைத் தடுக்காது. போன வாரம் 60 கிலோ போட்டவர் இந்த வாரம் நண்பர் வீடியோ எடுக்கிறார் என்பதற்காக 90 ஏற்றுவதைச் சத்தியமாகத் தடுக்காது. நான் பார்த்தவரை ஜிம்மில் முட்டிவலி என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம். அதனால் ஸ்லீவைப் பற்றிப் பேசுகிற சாக்கில் ஸ்குவாட்டைப் பற்றியும் பேசாமல் விட்டால் இந்த ரிவ்யூ அரைகுறை.

"முட்டி கால்விரலைத் தாண்டக்கூடாது" என்பது நம்ம ஊர் ஜிம்களில் வேதவாக்கு. மாஸ்டர் சொல்வார், அவருக்கு அவருடைய மாஸ்டர் சொல்லியிருப்பார். இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1961-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கார்ல் கிளைன் என்பவர், முழு ஸ்குவாட் போட்டால் முட்டி லிகமென்ட்கள் தளர்ந்துவிடும் என்று ஆய்வு வெளியிட்டார், அதைக் கேட்டு அமெரிக்காவில் பல பயிற்சியாளர்கள் ஆழமாக உட்காருவதையே நிறுத்தினார்கள். பின்னால் மற்றவர்கள் அளந்து பார்த்தபோது அந்தத் தளர்ச்சி கிடைக்கவில்லை. ஆனால் பயம் மட்டும் ஊர் ஊராகப் பரவிவிட்டது. 2003-இல் ஃபிரை என்பவரும் கூட இருந்தவர்களும் செய்த ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. பழக்கமுள்ள ஏழு ஆண்களை அவரவர் உடல் எடை அளவு பார்பெல்லோடு (எடை மாட்டிய ராடு) இரண்டு விதமாக உட்கார வைத்தார்கள், ஒரு தடவை சாதாரணமாக, இன்னொரு தடவை விரலுக்கு முன்னால் ஒரு பலகையை நிறுத்தி முட்டி முன்னே போகாதபடி. பலகை வைத்தபோது முட்டியில் விழும் முறுக்குவிசை 150 நியூட்டன் மீட்டரிலிருந்து 117-க்குக் குறைந்தது, நல்லதுதான். ஆனால் இடுப்பில் 28-இலிருந்து 302-க்கு எகிறியது. உடம்பு முன்னால் கவிழ்ந்து, முட்டியில் மிச்சம் பிடித்ததைப் பல மடங்காக இடுப்பும் கீழ்முதுகும் சுமந்திருக்கின்றன.

வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்ட் கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கினாரே, 77 கிலோ பிரிவில், அந்த வீடியோவைத் தேடிப் பாருங்கள். பாரைப் பிடித்துக்கொண்டு அடியில் உட்கார்ந்திருக்கும்போது முட்டி எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். விரலைத் தாண்டி ரொம்ப தூரம். அவ்வளவு ஏன், பிள்ளையார் முன்னால் தோப்புக்கரணம் போடும் பாட்டிக்கு முட்டி தாண்டவில்லையா? நம்ம தாத்தா காலத்துப் பஸ்கியில் (உட்கார்ந்து எழும் தேகப்பயிற்சி) குதிகாலைத் தூக்கியே உட்காருவார்கள், முட்டி முழுசாக முன்னால் போகும். எடை இல்லாமல் ஆயிரக்கணக்கில் பழகி வந்த உடம்புக்கு அது சரி. பார்பெல் என்று வந்துவிட்டால் குதிகால் தரையில் இருக்கட்டும். முட்டி விரலைத் தாண்டினால் தாண்டட்டும், தொடை நீளமானவர்களுக்குத் தாண்டாமல் உட்காரவே முடியாது. பார்க்க வேண்டியது, முட்டி போகும் திசையும் பாதம் பார்க்கும் திசையும் ஒன்றா என்பதை மட்டும்தான்.

பாதத்திலிருந்து தொடங்கினால் எல்லாம் சுலபம். தோள் அகலத்துக்கு நின்று, விரல்களைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி (15 முதல் 30 டிகிரி வரை, உங்கள் இடுப்புக்கு எது ஒத்து வருகிறதோ அது), பெருவிரல் அடிமேடு, சுண்டுவிரல் அடிமேடு, குதிகால் என்று மூன்று இடத்திலும் எடை விழும்படி நில்லுங்கள். எழும்போது பெருவிரல் பக்கம் மட்டும் அழுந்தி உள்வளைவு தட்டையானால் முட்டி அப்போதே உள்ளே கிளம்பிவிட்டது என்று அர்த்தம். "முட்டியை வெளியே தள்ளு" என்று கத்துவார்கள், அதையும் அளவுக்கு மீறிச் செய்து சுண்டுவிரல் பக்கம் உருளுகிறவர்கள் உண்டு, இரண்டாவது மூன்றாவது விரலின் நேருக்கு வந்தால் போதும். ஓடுகிற ஷூ போட்டுக்கொண்டு இதைச் செய்ய முயற்சிக்காதீர்கள், அந்தப் பஞ்சு அடிப்பாகத்தில் பாதம் ஆடிக்கொண்டே இருக்கும். தட்டை அடி உள்ள கேன்வாஸ் ஷூ போதும். ஜிம்மில் விட்டால் வெறுங்காலே பரவாயில்லை, பிளேட் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குதிகால் தூக்குகிறதா? கணுக்கால் மடியவில்லை என்று அர்த்தம். வீட்டுச் சுவரில் பார்த்துவிடலாம். சுவரிலிருந்து ஒரு சாணுக்கும் குறைவாக, 10 செ.மீ. தள்ளிப் பெருவிரலை வைத்து, குதிகாலைத் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொடப் பாருங்கள். தொட்டால் பிரச்சினை வேறு எங்கோ. தொடவில்லை என்றால் கெண்டைச்சதையும் கணுக்காலும் இறுகியிருக்கின்றன, தினமும் கொஞ்சம் நீட்டி இளக்க வேண்டும், அதுவரை குதிகாலுக்கு அடியில் சின்ன பிளேட் வைத்துக்கொள்ளலாம். வெயிட்லிஃப்டிங் ஷூவில் குதிகால் சுமார் 20 மி.மீ. உயர்த்தி மரம் மாதிரி கெட்டியாக வைத்திருப்பது இதற்குத்தான். உண்மையைச் சொன்னால், 2000 ரூபாய் கையில் வைத்துக்கொண்டு முட்டிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நிற்கிற புது ஆளுக்கு ஸ்லீவை விட, இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து அந்த ஷூவை வாங்கச் சொல்வேன்.

எவ்வளவு ஆழம்? போட்டி விதியில், இடுப்பு மடிப்பு முட்டியின் உச்சிக்குக் கீழே போயாக வேண்டும். போட்டிக்குப் போகாதவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை, கீழ்முதுகு உருண்டு இடுப்பு உள்ளே சுருளத் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே நின்றால் போதும். ஆனால் பாதியில் நிறுத்துவதுதான் முட்டிக்குப் பாதுகாப்பு என்று நினைத்தால் கணக்கு தப்பும். சில்லுக்குப் பின்னால் விழும் அழுத்தம் முட்டி 90 டிகிரி மடியும் பக்கத்தில் உச்சத்துக்கு வருகிறது, அதற்குக் கீழே போகும்போது தொடையின் பின்பக்கமும் கெண்டையும் ஒன்றோடொன்று ஒட்டிச் சுமையைக் கொஞ்சம் வாங்கிக்கொள்கின்றன. பாதி ஸ்குவாட் அடிக்கிறவர், ஆழம் இல்லாததால் அதிக எடை ஏற்றுகிறார், அந்த அதிக எடையோடு திரும்புகிற இடம் அழுத்தம் கூடுதலாக உள்ள இடம். முன் சிலுவை லிகமென்ட் என்று கிரிக்கெட் வீரர்களுக்குக் கிழிகிறதே, அதன் மேல் ஸ்குவாட்டில் விழும் இழுவை குறைவு, அதுவும் கொஞ்சமாக மடிந்த நிலையில்தான், ஆழத்தில் இல்லை. ஆனால் ஒன்று, தடாலென்று விழுந்து அடியில் பந்து மாதிரி குதித்து எழுவது வேண்டாம். இரண்டு நொடி எடுத்து இறங்குங்கள், வயிற்றில் மூச்சை நிரப்பி, யாரோ குத்த வருகிற மாதிரி வயிற்றை இறுக்கிக்கொண்டு இறங்கி, பாதி தூரம் ஏறின பிறகு மூச்சை விடுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்குவதற்கு முன்னால் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்மித் மெஷின் (ராடு கம்பிகளில் மேலும் கீழும் மட்டும் ஓடுவது)? தொடைக்கு வேலை கொடுக்கும், தப்பில்லை. அதில் 100 கிலோ அடித்ததைச் சொல்லிக்கொண்டு தனி ராடு வைத்த ரேக்குக்கு வராதீர்கள்.

எடை ஏற்றுகிற விஷயம்தான் எல்லாவற்றையும் விடப் பெரியது, இதைத்தான் யாரும் கேட்பதில்லை. தசை சில வாரங்களில் பலமாகிவிடும், சில்லுக்குக் கீழே இருக்கிற டெண்டன் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) அவ்வளவு வேகமாகத் தயாராகாது, மாதக் கணக்கு. காலில் பலம் இருக்கிறது என்பதற்காக வாராவாரம் 10 கிலோ ஏற்றினால் முதலில் முனகுவது சில்லுக்குக் கீழே ஒரு விரல் வைக்கிற இடம். வெறும் ராடே 20 கிலோ என்பதை மறக்காதீர்கள், புது ஆள் அதைக்கூட உடனே தொட வேண்டாம், ஒரு டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு சில வாரம் உட்கார்ந்து எழுந்தால் போதும், அந்தப் பிடியே உடம்பை நேராக நிறுத்தக் கற்றுக்கொடுத்துவிடும். பிறகு 2.5 கிலோவாக ஏற்றுங்கள். அந்தச் சின்ன பிளேட் எந்த ஜிம்மிலும் தூசி படிந்துதான் கிடக்கும், எடுக்க ஆள் இல்லை. டெண்டன் வலி வந்துவிட்டால் முழு ஓய்வு எடுத்தால் சரியாகிவிடும் என்று மூன்று மாதம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வருகிறவர்களுக்கு அதே வலி காத்திருக்கும். எடையைக் குறைத்து, மெதுவாக இறக்கி, வலி கூடாத அளவுக்குள் தொடர்வதுதான் பொதுவாகப் பிசியோக்கள் சொல்லும் வழி. ஆனால் முட்டி வீங்கினால், நடுவில் பூட்டிக்கொண்டால், நடக்கும்போது நழுவி விழுகிற மாதிரி இருந்தால் ஸ்லீவ் ஏறுமா என்று பார்க்காமல் எலும்பு டாக்டரைப் பாருங்கள்.

இப்போது மறுபடி பொருளுக்கு வருகிறேன். அளவுதான் எல்லாம். டேப்பை எடுத்து, சைஸ் சார்ட்டில் எந்த இடத்தை அளக்கச் சொல்கிறார்களோ அதே இடத்தை அளக்க வேண்டும், சிலர் சில்லின் நடுவில் சுற்றளவு கேட்கிறார்கள், சிலர் சில்லுக்கு மேலேயும் கீழேயும் கேட்கிறார்கள். நான் சார்ட்டின்படி மீடியம் கேட்டேன், வந்தது பார்சல் மேல் மீடியம், உள்ளே ஒன்று மீடியம் ஒன்று லார்ஜ். மாற்றித் தரச் சொன்னால் "சார், போட்டுப் பழகினால் சரியாகிடும்" என்று பதில். லார்ஜ் எப்படிப் பழகி மீடியம் ஆகும் என்று கேட்டதும் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. இரண்டு வாரம் இழுத்தடித்து மாற்றினார்கள், அந்த ஒரு ஸ்டார் போனது இதற்குத்தான். நேரில் கிடைக்கிற விளையாட்டுச் சாமான் கடை பக்கத்தில் இருந்தால் போட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

சரியான அளவு என்றால் ஏற்றும்போது கொஞ்சம் திணற வேண்டும், ஏறின பிறகு பாதம் மரத்துப் போகக்கூடாது. போட்டிக்காரர்கள் ஒரு சைஸ் குறைவாக வாங்கி இரண்டு பேர் சேர்ந்து இழுத்து மாட்டுவார்கள், நமக்கு அந்தக் கூத்து தேவையில்லை. மேல் பாதியை வெளிப்பக்கமாக மடித்து, சில்லு வரை ஏற்றி, பிறகு மடிப்பை மேலே விரித்தால் சுலபமாக உட்காரும். வியர்த்த காலில் ஏறவே ஏறாது, அதனால் வார்ம் அப்புக்கு முன்னாலேயே கணுக்கால் பக்கம் மாட்டி வைத்துக்கொண்டு, கனமான செட்டுக்கு மேலே இழுத்துக்கொள்வது என் வழக்கம். லேசான செட்டுகளுக்குப் போடுவதில்லை, வெறும் முட்டியோடு எப்படி இறங்குகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

நாற்றத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது நம்ம ஊர் ரிவ்யூவே இல்லை. ஏசி இல்லாத ஜிம், சித்திரை மாதம், காற்று போகாத ரப்பர், யோசித்துக்கொள்ளுங்கள். ஜிம் பைக்குள் சுருட்டிப் போட்டு மறந்துவிட்டால் மறுநாள் பையையே தூக்கிப் போட வேண்டிவரும். வீட்டுக்கு வந்ததும் உள்பக்கத்தை வெளியே திருப்பி, சாதாரணத் தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பூ விட்டுக் கையால் அலசி, நிழலில் காற்றோட்டமாகக் காயப்போடுங்கள். மொட்டை மாடி வெயிலில் போட்டால் ரப்பர் விறைத்து வெடிக்கும், வாஷிங் மெஷினில் போட்டால் தையல் பிரியும். இந்த விலை ஸ்லீவ்களில் முதலில் போவது பின்பக்கத் தையல்தான், வாங்கியதும் அதை இழுத்துப் பாருங்கள், இரட்டைத் தையலாக இல்லை என்றால் திருப்பி அனுப்பிவிடலாம். என்னுடையது இதுவரை நிற்கிறது, மேல் விளிம்பில் ஒரு நூல் மட்டும் தொங்குகிறது. இங்கிலாந்தின் எஸ்பிடி, சுவீடனின் ரேபேண்ட் மாதிரி வெளிநாட்டுப் பிராண்டுகள் தையலிலும் ரப்பரிலும் நிச்சயம் ஒரு படி மேல், நண்பர் ஒருவருடையதைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஆனால் விலை பல மடங்கு. மேடை ஏறாதவர்களுக்கு அது தேவையா என்றால் எனக்குத் தேவைப்படவில்லை.

யார் வாங்கலாம்? குதிகால் தரையில், முட்டி விரலின் திசையில், உடல் எடைக்குப் பக்கத்தில் பார்பெல்லை வைத்துக்கொண்டு ஐந்து தடவை ஒரே மாதிரி அடிக்க முடிகிறவர் தாராளமாக வாங்கலாம், சூடும் பிடியும் பிடித்துப்போகும். ஜிம்மில் சேர்ந்த முதல் மாதம் வேண்டாம். வலி இருக்கிறது, ஸ்லீவ் போட்டால் தெரிவதில்லை, அதனால் எடை ஏற்றுகிறேன் என்கிறவருக்கு நிச்சயமாக வேண்டாம். ஓட்டம், பேட்மின்டன், கிராஸ்ஃபிட் என்று கலந்து செய்பவர்கள் 7 மி.மீ. வாங்கிவிட்டுத் தடியாக இருக்கிறது என்று புலம்புகிறார்கள், அவர்களுக்கு 5 மி.மீ. போதும், மடக்கி நீட்ட வசதியாக இருக்கும். அப்புறம், கறுப்பு நிறத்திலேயே எடுங்கள், சாம்பல் நிறத்தில் வியர்வைக் கோடு விழுந்தால் எந்தச் சோப்புக்கும் போவதில்லை.